உங்கள் காருக்கென்றே செய்யப்படும் வீல்கள்: வாங்குவதும் பராமரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஸ்டம் வீல் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டிசைனில் தொடங்குவார்கள். ஐந்து ஸ்போக்கா, வலைப்பின்னலா, கறுப்பா, வெண்கல நிறமா? நான் அவர்களிடம் முதலில் கேட்பது, "காரை அளந்தாயிற்றா?" என்றுதான். கடையில் அடுக்கி வைத்திருக்கும் வீல் பொருந்தாவிட்டால் வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் அளவுக்குக் கடைந்தெடுத்த வீல் இன்னொரு காருக்கு உதவாது. செய்து கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கவும் மாட்டார். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அளவைப் பற்றியே இருப்பது அதனால்தான்.

கஸ்டம் வீலுக்கும் கடையில் கிடைக்கும் அலாய் வீலுக்கும் என்ன வித்தியாசம்?

கடை வீல் அச்சில் வார்க்கப்படுவது. ஒரு அச்சு செய்ய ஆகும் செலவை ஆயிரக்கணக்கான வீல்களில்தான் எடுக்க முடியும். ஆகவே அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு, கீழே விளக்கியிருக்கிறேன்) எல்லாம் சில அளவுகளில் மட்டுமே வரும். நடுத்துளையையும் பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று பெரிதாகவே விட்டுவிடுவார்கள்.

கஸ்டம் வீலுக்கு அச்சு தேவையில்லை. அழுத்தி உருவாக்கிய அலுமினிய வட்டை கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, நீங்கள் கொடுத்த எண்களுக்கு ஏற்பக் குடைந்தெடுக்கிறார்கள். அகலத்தை அரை அங்குல இடைவெளியிலும், ஆஃப்செட்டை மில்லிமீட்டர் கணக்கிலும், நடுத்துளையை உங்கள் ஹப்பின் (காரில் வீல் மாட்டப்படும் சுழலும் மையப் பகுதி) சரியான விட்டத்திலும் கேட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வார்ப்பு வீலுக்குப் புது நிறம் பூசி "கஸ்டம்" என்று விற்பவர்கள் உண்டு. "ஆஃப்செட்டை நான் சொல்லும் மில்லிமீட்டருக்குச் செய்து தருவீர்களா?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

வார்ப்பு, ஃப்ளோ ஃபார்மிங், ஃபோர்ஜிங் – எது நல்லது?

வார்ப்பில், உருக்கிய அலுமினியம்–சிலிக்கான் கலவையை அச்சில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். உலோகம் ஆறும்போது நுண்ணிய காற்றுக்குமிழிகள் உள்ளே தங்கிவிடும். அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட வீலைத் தடிப்பாகச் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் எடை கூடுகிறது.

ஃப்ளோ ஃபார்மிங்கில் வீலை முதலில் வார்த்துவிட்டு, டயர் உட்காரும் வளையப் பகுதியை மட்டும் சூடாக்கிச் சுழற்றி உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். வளையம் மெலிதாகவும் உறுதியாகவும் வரும். ஆனால் ஸ்போக்குகள் வார்ப்பாகவே இருக்கின்றன. "ஃபோர்ஜ்டுக்குச் சமம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஃபோர்ஜிங்கில் அலுமினியத்தை உருக்குவதே இல்லை. பெரும்பாலும் 6061 என்ற கலவையில் செய்த திண்மக் கட்டியைச் சூடாக்கி, ஆயிரக்கணக்கான டன் விசையுள்ள அழுத்தியில் நசுக்குகிறார்கள். குமிழிகளுக்கு இடமில்லை, உலோகத்தின் மணிகளும் நெருங்கி ஒரே போக்கில் அமைகின்றன. பிறகு டி6 எனப்படும் வெப்பப் பதனம். குழியில் பலமாக இடித்தால் வார்ப்பு வீல் விரிசல் விடவே வாய்ப்பு அதிகம். ஃபோர்ஜ்டு வீல் பெரும்பாலும் முதலில் வளையும். வளைந்த வீல் உங்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும், விரிசல் விட்ட வீல் சேர்க்காமல் போகலாம்.

இன்னொரு நுணுக்கம். திண்மக் கட்டியை அழுத்தாமல் நேரடியாகக் கடைந்தெடுக்கும் வீல்களும் உள்ளன. அவை ஃபோர்ஜ்டு அல்ல. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் எந்த முறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுமினிய வீலுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1924-ல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் புகாட்டி டைப் 35 கார் வார்ப்பு அலுமினிய வீல்களுடன் களமிறங்கியது. ஃபோர்ஜ்டு வீலைச் சாலைக் கார்களில் புகழ்பெறச் செய்தது 1960-களின் நடுவில் போர்ஷே 911 எஸ் காரில் வந்த ஃபுக்ஸ் வீல்.

ஒரு பீஸ், இரண்டு பீஸ், மூன்று பீஸ் என்கிறார்களே?

ஒரே கட்டியில் கடைந்தது ஒரு பீஸ். ஸ்போக் உள்ள முகமும் வளையமும் தனித்தனியாகச் செய்து இணைத்தது இரண்டு பீஸ். முகம், வெளி வளையம், உள் வளையம் என மூன்றையும் சுற்றிலும் சிறு போல்ட்டுகளால் இறுக்கி, மூட்டில் காற்றுக் கசிவைத் தடுக்கும் சீலன்ட் பூசியது மூன்று பீஸ். 1970-ல் ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் தொடங்கப்பட்ட பி.பி.எஸ். நிறுவனம் பந்தயக் களத்தில் இந்த வகையைப் பரவலாக்கியது. ஒரு வளையம் நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், அகலத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பந்தயக்காரர்களுக்குப் பெரிய வசதி.

தினமும் ஓட்டும் காருக்கு ஒரு பீஸையே சொல்வேன். மூன்று பீஸ் வீலின் ஆழமான வெளி விளிம்பு தரும் அழகு வேறெதிலும் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூட்டு என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் கசியும்.

பி.சி.டி. என்றால் என்ன? வீட்டிலேயே அளக்க முடியுமா?

வீலில் நட் போடும் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம்தான் பி.சி.டி. 4×100, 5×112, 5×114.3 என்று துளைகளின் எண்ணிக்கையும் சேர்த்து எழுதுவார்கள். 114.3 விநோதமாகத் தெரியலாம், அது நாலரை அங்குலம்.

நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் போதும். ஐந்து துளையில் நேர் எதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 114.3, 65.8 வந்தால் 112.

இரண்டுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். டேப்பால் அளந்தால் தவறிவிடும், வெர்னியர் காலிப்பர் வேண்டும். அளந்ததைக் கார் கையேட்டுடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். 112 ஹப்பில் 114.3 வீலை வலுக்கட்டாயமாக நட் போட்டு ஏற்றிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. ஏறிவிடும், ஆனால் நட் சாய்ந்து உட்காரும். நட் ஏறும் மரைத் தண்டான ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து களைத்துப்போகும். நட் தளரும், இல்லையென்றால் ஸ்டட் முறியும்.

நடுத்துளை அவ்வளவு முக்கியமா?

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலாகக் கடையில் ரெடிமேட் அலாய் வீல் வாங்கிப் போட்ட காரில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். மூன்று முறை பேலன்சிங் செய்தேன், ஒரு முறை அலைன்மென்ட் பார்த்தேன், டயரைக்கூடச் சந்தேகித்தேன். கடைசியில் ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். ஹப்பின் விட்டம் 60.1 மி.மீ., வீலின் துளையோ 73.1. இடையில் இருக்க வேண்டிய வளையத்தை மாட்டிய கடைக்காரர் போடவே இல்லை. நான்கு வளையங்கள் போட்டதும் நடுக்கம் நின்றது.

வீலின் நடுத்துளை ஹப்பின் நடு மேட்டில் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் வீல் துல்லியமாக மையத்தில் நிற்கும். கஸ்டம் வீல் செய்யும்போது இந்தத் துளையை ஹப்புக்கு ஏற்பவே கடையச் சொல்லலாம், தனி வளையம் தேவைப்படாது. என் கருத்தில் கஸ்டம் வீலுக்குக் கூடுதலாகச் செலவிடுவதற்கு இந்த ஒன்றே போதுமான நியாயம். முன் ஹப், பின் ஹப் இரண்டையும் அளந்து கொடுங்கள்.

ஆஃப்செட் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போடுங்கள். வீல் ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதுவே ஆஃப்செட். முகம் சாலைப் பக்கமாகத் தள்ளியிருந்தால் நேர் எண். இஞ்சின் பக்கமாக இருந்தால் எதிர் எண். இன்றைய பெரும்பாலான கார்களில் நேர் எண்தான். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளிக்கொண்டு வரும். வீலில் 'ஈ.டி.45' என்பதுபோலப் பொறித்திருப்பது இதைத்தான்.

அகலமும் சேர்ந்து மாறும்போதுதான் கணக்கு குழப்பும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கம்பெனி வீல் ஆறரை அங்குல அகலம், ஆஃப்செட் 45. அகலம் 165.1 மி.மீ.; பாதி 82.5. வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது 82.5-லிருந்து 45-ஐக் கழித்தால் 37.5. உள்பக்கம் 82.5-உடன் 45-ஐக் கூட்டினால் 127.5. நீங்கள் விரும்புவது ஏழரை அங்குலம், ஆஃப்செட் 40. பாதி அகலம் 95.2, வெளியே 55.2, உள்ளே 135.2. அதாவது புது வீல் வெளியே சுமார் 18 மி.மீ. கூடுதலாக நீட்டும், உள்ளே சஸ்பென்ஷன் பக்கமாக 8 மி.மீ. நெருங்கும். இப்போது காரின் கீழே குனிந்து, அந்த 18-க்கும் 8-க்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் இந்த நான்கு எண்களை எழுதாமல் ஆர்டர் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஆஃப்செட்டைக் குறைத்து வீலை வெளியே தள்ளினால் கார் கம்பீரமாக இருக்கிறதே, தவறா?

பத்து மில்லிமீட்டர் வரை பல கார்கள் தாங்கும். அதற்கு மேல் தள்ளத் தள்ள வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல்போலச் சுமை விழுகிறது, பேரிங் சீக்கிரம் தேயும். பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டீயரிங் இழுக்கும். வீலுக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்கு வெளியே டயர் நீட்டுவது பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். நான் கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டியே இருக்கச் சொல்வேன்.

எத்தனை அங்குலம் வரை பெரிதாக்கலாம்?

வீல் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் அதே அளவுக்குக் குறைந்து, மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும். 205/55 ஆர்16 என்றால் டயரின் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், வீல் 16 அங்குலம். அதன் மொத்த விட்டம் 631.9 மி.மீ. அதற்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் 634.3, 225/40 ஆர்18 போட்டால் 637.2. இரண்டிலும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள்தான், ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்.ஸும் ஏமாறாது. மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டயர்க்காரர்களின் பொது வழக்கம். நான் இரண்டிலேயே நிறுத்திக்கொள்வேன்.

சுமை எண்ணையும் பாருங்கள். பழைய டயரில் 91 என்றிருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். புது டயர் 88 என்றால் 560 கிலோதான். அளவு பொருந்தினாலும் அந்த டயர் வேண்டாம். அதே அளவில், கூடுதல் சுமைக்கென்று வலுவூட்டிய 'எக்ஸ்.எல்.' வகையில் 92 கிடைத்தால் 630 கிலோ தாங்கும்.

எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கு என் பதில்: கம்பெனி கொடுத்த சிறிய அளவைவிட ஓர் அங்குலம் கூட்டுங்கள், இரண்டுக்கு மேல் போகாதீர்கள். பக்கச்சுவர்தான் குழியின் இடியை வாங்கும் மெத்தை. அதைக் குறைத்தால் இடி நேராக வீலுக்குப் போகும்.

வீல் பெரிதாக இருந்தால் பிரேக்கில் இடிக்காதுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வளையத்துக்கும், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பருக்கும் இடைவெளி இருக்கலாம், ஆனால் ஸ்போக்கின் உள்பக்க வளைவு கேலிப்பரின் முகத்தில் உரசலாம். ஆஃப்செட் சரியாக இருந்தும் இது நேரும், ஏனென்றால் அது ஸ்போக்கின் வடிவத்தைப் பொறுத்தது. நல்ல தயாரிப்பாளரிடம் கேட்டால் வீலின் குறுக்குவெட்டு வரைபடம் தருவார். அதை நிஜ அளவில் அச்சிட்டுத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டி, ஹப்பின் மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். கேலிப்பருக்கும் அட்டைக்கும் எங்குமே மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். பின்னாளில் பெரிய பிரேக் போடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

வீல் எவ்வளவு எடை தாங்கும் என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு வீலுக்கும் ஒரு சுமை வரம்பு உண்டு. வழக்கமாக உள்பக்கத்தில் கிலோவிலோ பவுண்டிலோ பொறித்திருக்கும். காரின் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டிலோ கையேட்டிலோ முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுமதித்த உச்ச எடை இருக்கும். பெரிய எண்ணைப் பாதியாக்குங்கள். பின் அச்சுக்கு 1,100 கிலோ என்றால் பாதி 550. வீலின் வரம்பு அதற்கு மேல் இருக்க வேண்டும். நான் குறைந்தது 600 கேட்பேன்.

முத்திரைகளில் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். முத்திரை, அந்நாட்டுத் தரவிதிப்படி சோதித்தோம் என்று தயாரிப்பாளர் தாமே அறிவிப்பது. கூடவே வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். ஜெர்மனியின் டியூவ் சான்றிதழும் மதிப்புள்ளது. வளைவில் திரும்பும்போது விழும் வளைவு விசை, நேராக உருளும்போது விழும் சுமை, சாய்வாக விழும் இடி என்று இந்த மூன்றுக்கும் வீலைச் சோதிப்பார்கள். சோதனை அறிக்கையைக் கேட்டால் முகம் சுளிக்கும் தயாரிப்பாளரிடம் வாங்க வேண்டாம். இது டேபிள் நாற்காலி அல்ல, உங்கள் குடும்பம் உட்கார்ந்து போகும் காரின் வீல்.

எடை குறைந்த வீலால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. வீல், டயர், பிரேக் இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது குறைந்தால் டயர் சாலையின் மேடு பள்ளத்தை விட்டுப் பிரியாமல் தொடரும், பயணமும் மென்மையாகும். வீல் சுழலும் பொருள் என்பதால் வேகமெடுக்கும்போதும் நிற்கும்போதும் பலன் தெரியும். விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ நடுவில் இருக்கும் ஒரு கிலோவைவிட அதிகம் இழுக்கும். கஸ்டம் வீலுக்கு இவ்வளவு செலவழித்து, கம்பெனி வீலைவிடக் கனமானதை வாங்கி மாட்டுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. ஆர்டருக்கு முன்பே எடையைக் கேளுங்கள், வந்ததும் தராசில் வையுங்கள்.

பழைய நட்டையே போடலாமா?

முதலில் நட் உட்காரும் இடத்தின் வடிவத்தைப் பாருங்கள். கூம்பு, உருண்டை, தட்டை என மூன்று வகை உண்டு. கடையில் கிடைக்கும் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. சில கார்களின் கம்பெனி வீல்களில் உருண்டை. கூம்புத் துளையில் உருண்டை நட் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொடும். இறுகியதுபோல இருக்கும், ஆனால் தளரும். கஸ்டம் வீல் என்பதால் உங்கள் பழைய நட்டின் வடிவத்துக்கே துளையைச் செய்யச் சொல்லலாம். நான் அதையே விரும்புவேன், ஸ்டெப்னிக்கும் அதே நட் ஆகிவிடும்.

நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது மரை இறங்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 என்றால் எட்டுச் சுற்று, 1.25 என்றால் பத்துச் சுற்று.

ஆர்டர் கொடுக்கும்போது எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

விட்டம், அகலம், ஆஃப்செட், பி.சி.டி., நடுத்துளை, நட் இருக்கையின் வடிவம், சுமை வரம்பு, எடை, தயாரிப்பு முறை, பூச்சு, முன்பின் வேறுபாடு. இவை அத்தனையும் ஒரே தாளில், வரைபடத்துடன் வேண்டும். காற்றழுத்த சென்சார் இருக்கும் கார் என்றால் வால்வு அருகே அதற்கு இடம் விடச் சொல்லுங்கள். காரைத் தாழ்த்தியிருந்தாலோ சஸ்பென்ஷனை மாற்றியிருந்தாலோ மறைக்காதீர்கள். வரைபடத்துக்கு நீங்கள் ஒப்புதல் தந்த பிறகு அளவுக்குப் பொறுப்பு உங்களுடையது என்பதால், ஒரு இரவு தூங்கி எழுந்து மறுபடி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சில வாரங்களோ மாதங்களோ காத்திருக்க வேண்டிவரும். அவசரப்படுத்தாதீர்கள்.

வீல் வந்ததும் முதலில் என்ன செய்வது?

டயரை மாட்டாதீர்கள்! டயர் ஏறிய வீலை எந்தத் தயாரிப்பாளரும் திரும்ப எடுக்கமாட்டார். வெறும் வீலைக் காரில் மாட்டி, இரண்டு நட்டைக் கையால் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். கேலிப்பர், சஸ்பென்ஷன் கை, பிரேக் குழாய் எதிலும் படாமல் சுற்ற வேண்டும். நான்கையும் இப்படிப் பார்த்த பிறகு டயர். டயரோடு மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பின் சீட்டில் ஆட்களை ஏற்றி மெதுவாக ஒரு வேகத்தடை மேல் ஓட்டிப் பார்த்து, உரசல் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

டயர் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

வீலின் விளிம்பில் இரும்பு படாமல் பிளாஸ்டிக் தலை உள்ள இயந்திரத்தில் மாட்டச் சொல்லுங்கள். பேலன்சிங் எடையை விளிம்பில் மாட்டாமல் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். மூன்று பீஸ் வீல் என்றால், சுற்றியுள்ள சிறு போல்ட்டுகளைத் தொடவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடியும்வரை நீங்களும் கூடவே நில்லுங்கள்.

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கார் கையேட்டில் உள்ள எண்ணே சரி. பெரும்பாலான கார்களுக்கு அது 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், நட்சத்திரம் வரைவதுபோல எதிரெதிராக இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். அது ஸ்டட்டை நீட்டிவிடும், நட் இருக்கையைப் பிய்க்கும்.

மாட்டும் முன் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேயுங்கள். மணல் துகள் அளவு துரு இருந்தாலும் வீல் சாய்ந்து உட்காரும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஹப்பின் நடு மேட்டில் மட்டும் மெலிதாகக் கிரீஸ் தடவலாம். ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். மரை வழுக்கினால் அதே எண்ணுக்கு இறுக்கினாலும் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

100 கிலோமீட்டருக்குள் ஓட்டிவிட்டு, வீல் ஆறிய பிறகு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். புது வீலில் பூச்சு அழுந்தி நட் சற்றே தளர்வது இயல்பு.

எந்தப் பூச்சு நீடிக்கும்?

பொடியைத் தெளித்துச் சூட்டில் வேகவைக்கும் பவுடர் கோட்டிங். மழை, சேறு, உப்புக்காற்று எல்லாவற்றையும் தாங்கும், தினசரிக் காருக்கு இதையே சொல்வேன்.

டயமண்ட் கட் எனப்படும் கடைசல் முகம் புதிதில் கண்ணைப் பறிக்கும். மேலே உள்ள தெளிந்த பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல அரிப்பு பரவும். சரிசெய்ய மறுபடி கடைய வேண்டும், ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அந்த வீலைக் கடைய முடியாது.

பூச்சே இல்லாமல் பாலிஷ் செய்த அலுமினியம் தனி அழகு. மாதம் ஒருமுறை உட்கார்ந்து தேய்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

வீலை எப்படிக் கழுவுவது?

முதலில் ஆறவிடுங்கள். சூடான வீலில் சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்து கறையாகும், சூடான பிரேக் தட்டில் குளிர்ந்த நீர் படுவதும் நல்லதல்ல. வெறும் நீரால் மணலை அடித்துவிட்டு, கார் ஷாம்பூ கலந்த தனி வாளி, தனித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். வீலைத் துடைத்த துணியால் காரின் உடலைத் துடைத்தால் பெயின்ட் முழுக்கக் கீறல் விழும். ஸ்போக்கின் பின்புறத்துக்கு மென்மையான நீண்ட பிரஷ். கழுவியதும் துடைத்துவிட்டு, காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி மெதுவாகப் பிரேக் பிடித்து ஈரத்தை ஓட்டுங்கள்.

முன் வீல்களில் படியும் கறுப்புத் தூள்தான் உண்மையான எதிரி. பிரேக் பேடும் தட்டும் தேய்ந்து பறக்கும் சூடான இரும்புத் துகள்கள் பூச்சில் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை கழுவினால் ஷாம்பூவே போதும். மாதக்கணக்கில் விட்டால் இரும்புக் கறை நீக்கி தேவைப்படும். அதைத் தெளித்ததும் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். காயவிடாமல் கழுவிவிடுங்கள்.

அமிலம் கலந்த வீல் கிளீனரைக் கையில் எடுக்காதீர்கள். பாலிஷ் அலுமினியத்தையும் அனோடைஸ் பூச்சையும் சில நிமிடங்களில் மங்கடித்துவிடும், பிறகு திரும்பாது. கறையைத் தொடர்ந்து சுலபமாகக் கழுவ வேண்டுமென்றால், புதிதாக இருக்கும்போதே உள்வளையம் உட்பட மெழுகோ செராமிக் பூச்சோ போட்டுவிடுங்கள்.

குழியில் விழுந்து வீல் வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்தலாமா?

உள் விளிம்பில் லேசான வளைவு என்றால், முறையான இயந்திரத்தில் மெதுவாக அழுத்தி நிமிர்த்தலாம். அதன்பின் நுண்ணிய ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து ஆட்டம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கேஸ் டார்ச்சால் சூடாக்கிச் சுத்தியலால் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். சூடு அந்த இடத்தின் வெப்பப் பதனத்தை அழித்துவிடும்.

விரிசல் என்றால் பேச்சே இல்லை, அந்த வீலை ஒதுக்குங்கள். ஸ்போக்கிலோ நட் துளையருகிலோ விட்ட விரிசலை வெல்டு வைத்து மறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வளைவதைத் தடுக்க மிகச் சுலபமான வழி காற்றழுத்தம். காற்று குறைந்த டயரோடு குழியில் இறங்குவதுதான் பெரும்பாலான வீல்களைக் கெடுக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

நிறம் மாற்றி மறுபூச்சுப் போடலாமா?

போடலாம், வெப்பத்தைக் கேட்டுவிட்டு. பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் வேகும். 6061 அலுமினியத்துக்கு உறுதியூட்டும் டி6 பதனத்தின் கடைசிக் கட்டமே ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரியில் நடப்பது. ஆகவே ஒருமுறை, அளவான நேரம் என்றால் பெரிய கேடில்லை. திரும்பத் திரும்ப வேகவைத்தாலோ கூடுதல் சூட்டில் வைத்தாலோ உலோகம் மென்மையாகும். இதைவிட மோசம், பழைய பெயின்ட்டை எரித்து எடுக்கும் உலை. அது 350 டிகிரியையும் தாண்டும். வெளியே வரும் வீல் பார்க்கப் புதுசுபோல இருக்கும், வலுவோ போயிருக்கும். பழைய பூச்சை ரசாயனத்தால்தான் நீக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஒரு வீலில் மட்டும் அடிக்கடி காற்று இறங்குகிறது, ஆணியும் இல்லை.

சோப்பு நீர் தடவிப் பாருங்கள். வால்வின் அடியில் குமிழி வந்தால் வால்வை மாற்றினால் தீர்ந்தது. டயர் உட்காரும் விளிம்பில் வந்தால் அங்கே அரிப்பு இருக்கும், டயரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று பீஸ் வீலில் மூட்டில் வந்தால் பிரித்து, பழைய சீலன்ட்டை முழுதும் சுரண்டிவிட்டுப் புதிது போட்டு, காற்றடிக்கும் முன் ஒரு நாளாவது உலரவிட வேண்டும். மேலே பூசி ஒப்பேற்றினால் நிற்காது. ஸ்போக்கும் வளையமும் சேரும் இடத்தில் குமிழி வந்தால் அது விரிசல்.

பூட்டு நட் போடலாமா? ஸ்டெப்னியை என்ன செய்வது?

தனிச் சாவி இல்லாமல் கழற்ற முடியாத பூட்டு நட் ஒரு வீலுக்கு ஒன்று போதும். அதைக் கையால் மட்டுமே இறுக்கவும் கழற்றவும் வேண்டும், காற்றுத் துப்பாக்கி சாவியை உடைத்துவிடும். சாவியைக் காரிலேயே, ஜாக்கியோடு வையுங்கள். அதன் எண்ணைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

புது வீலுக்கு வேறு நட் போட்டிருந்தால், பழைய நட்டுகளில் ஒரு வீலுக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். நடுவழியில் டயர் பஞ்சரான நேரத்தில் ஸ்டெப்னி இருந்தும் நட் பொருந்தாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.